வெள்ளி பூசிய மின்மினி

அன்று மேடைக்குப் பின்னால், ஷாமியானாத் துணி மறைப்புக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். நான், அத்தை, அப்பா, பேக்கிங் சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், எச்.ஆர். மேடம், ஒரு செக்யூரிட்டி. அம்மா வரவில்லை, தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. பிற்பாடு யாராவது ‘நானும் அங்கதான் இருந்தேன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏழு பேர்தான். தூக்கம் வராதபோதெல்லாம் எண்ணிப் பார்க்கிறவள் சொல்கிறேன். அந்த ஏழு பேரில், அத்தையை விட்டுவிட்டால், இன்னும் மூன்று பேருக்கு நடந்தது என்னவென்று தெரியும். மூன்று பேருமே அதைச் சொல்லவில்லை. ஒருவர் சூப்பர்வைசர். ஒருவர் அப்பா. மூன்றாவது ஆள் நான்.

இதை நம் வயதுக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பியபோது பாவாடை சட்டையிலும் டவுசரிலும் திரிந்தவர்கள் நாம். இப்போது முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ‘அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்தது’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது படிக்கப் படிக்க எரிகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பென்னலூரில் எங்களோடுதான் இருந்தாள். கார்களுக்கு முன்விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு பேக்கிங் வேலை, அப்பாவுக்கு அதே இடத்தில் லோடிங் வேலை. இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

அத்தைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. வேஷம். நாடகத்துக்கு இல்லை, திருவிழாவுக்கு இல்லை, யாரும் கேட்டும் இல்லை. கம்பெனியில் கீழே விழுகிற வெள்ளை நுரைத்தாள், காற்றுக் கொப்புளம் வைத்த தாள், மஞ்சள் கட்டுப்பட்டை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவாள். வாரம் முழுக்க வெட்டித் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, நாலு மணி வெயில் சாய்ந்ததும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவாள். அவ்வளவுதான். ஒரு சுற்று சுற்றி வந்து கழற்றிவிடுவாள்.

முதலில் செய்தது மீன். நுரைத்தாளை அரைவட்டமாக வெட்டி, அம்மாவின் கிழிந்த நைட்டியில் செதில் செதிலாகத் தைத்தது. அந்த மீன் உடம்போடு பெட்டிக்கடைக்குப் போய், “அக்கா, ரெண்டு ரூபாய்க்கு சீரகம்” என்றாள்.

கடைக்காரக்கா தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் இன்னும் பார்க்கிறேன். “இன்னாமே, மீனே வந்து சீரகம் கேக்குது! கொழம்புல நீயே எறங்கிடுவியா?”

“எறங்கறேன்கா. நீ மொதல்ல புளிய கரைச்சு வெய்யி.”

பிறகு ஆமை. பிறகு மழைமேகம், மீனின் செதில்களைப் பிரித்து நூலில் கோத்து மழையாகத் தொங்கவிட்டாள். ஒருமுறை பம்புசெட்டாகவே வந்தாள். வயிற்றில் கட்டியிருந்த பையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்ட, தெருப் பிள்ளைகள் பின்னாலேயே கை நீட்டிக்கொண்டு ஓடினோம். ‘கல்யாண வயசுல இது இன்னா கூத்து’ என்று கேட்டவர்களும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசலில்தான் நின்றார்கள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. யாருக்குச் செய்தாலும் முதலில் தான் போட்டுப் பார்ப்பாள். “எங்க குத்துதுன்னு போட்டாத்தான்டி தெரியும்” என்பாள். மாட்டு டாக்டர் தூக்கிப்போட்ட பெரிய சிரிஞ்சில் சைக்கிள் கடை சொல்யூஷனை அடைத்து வைத்திருப்பாள். அதை அழுத்தினால் பசை கோடு போட்ட மாதிரி வரும். வீடு முழுக்க அந்த ரப்பர் வாசனை. நுரைத்தூள் எங்கள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு எண்ணெய் தேய்த்தாலும் போகாது. அந்த சிரிஞ்ச் எங்கே போனது என்று தெரியவில்லை. ஐநூறு ரூபாய் தொலைந்தால்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டேன்.

நீல அட்டையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அட்டை என்றுதான் பெயர், பிளாஸ்டிக். நடுவே குழல் குழலாக ஓட்டை ஓடும். பெட்டிக்குள் விளக்கும் விளக்கும் உரசாமல் தடுப்பாக வைப்பது. பழைய இரும்புக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. நம் ஊரில் பாதி வீட்டு பாத்ரூமுக்கு அதுதான் சுவர். கோழிக்கூட்டுக்குக் கூரை, டீக்கடைக்கு மறைப்பு, எல்லாம் அதுதான். கம்பெனியிலிருந்து ஊருக்குள் வருவது எல்லாமே கம்பெனிக்கு வேண்டாதது என்றுதான் நாம் நினைத்தோம். வேண்டுமென்றால் ஏன் வெளியே வருகிறது? யாரும் கேட்கவில்லை.

அந்த மார்கழியில் கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். அதுவரை பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மட்டும்தான் அழைப்பு. அந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களும் ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டி வரலாம், மாறுவேடப் போட்டியும் உண்டு என்று அறிவித்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் பர்மனென்ட் லிஸ்ட் வரும், அதில் தன் பெயர் இருக்கும் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். “மேனேஜர் கண்ணுல நம்ம புள்ள படணும். அவ்ளோதான். மீதிய நான் பார்த்துக்கறேன்” என்று அத்தையிடம் சொன்னார். அதுவரை அவளுடைய வேஷங்களை ஒருநாளும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மின்மினிப்பூச்சி என்று அத்தைதான் முடிவு செய்தாள். விளக்கு கம்பெனிக்கு விளக்குப் பூச்சி. பூச்சு உரிந்து கழித்துப்போட்ட ஒரு விளக்குக் கிண்ணம், டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி. வயிற்றுக்குக் கொப்புளத்தாள், மஞ்சள் சாயத்தில் முக்கியது. சுவிட்ச் என் உள்ளங்கையில். மேலே மூடுகிற ரெக்கைக்குத்தான் விறைப்பாக ஏதாவது வேண்டியிருந்தது. பேக்கிங் சூப்பர்வைசரிடம் கேட்டாள். மதுரைப் பக்கத்து ஆள். மூலை நசுங்கிய நாலு நீல அட்டைகளைத் தானே எடுத்துக் கொடுத்து, “கொண்டுட்டுப் போ தாயி. பிள்ளைக்கு நல்லாச் செய்யி” என்றாராம். அப்பா பக்கத்தில்தான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். கேட் வரைக்கும் சூப்பர்வைசரே வந்து, ‘ஸ்கிராப்புதான்ப்பா’ என்று அன்றிருந்த செக்யூரிட்டியிடம் சொன்னார். அட்டைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தது அப்பா. இதை அவரே அன்று சாயங்காலம் பெருமையாகச் சொன்னார். நான் கேட்டேன். என் காதால் கேட்டேன்.

எனக்கு அப்போதே பயந்த சுபாவம். பள்ளிக்கூடம் போகும்போது பாதி வழியில் திரும்பி வந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற பிள்ளை. அட்டையின் ஓரத்தில் கறுப்பாக அச்சடித்திருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கார் கம்பெனியின் பெயர், ஒரு நம்பர், கீழே ‘ரிட்டர்னபிள்’.

“அத்தே, இத திருப்பிக் குடுக்கணும்னு போட்டு கீது.”

“யாருக்குடி?”

“கம்பெனிக்கு.”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறச் சிரித்தார். “அப்போ மொதல்ல நம்ம வூட்டு பாத்ரூம பிரிச்சு அனுப்பணும். அப்புறம் எதிர்வூட்டு கோழிக்கூண்ட. ஊரே அம்மணமா நிக்க வேண்டியதுதான்.”

“இங்கிலீசு படிச்சு இதத்தான் கத்துகினியா?” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

அத்தை சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. அவளும் சிரித்தாள்.

எனக்குப் பயம் போகவில்லை. இரண்டு நாள் அந்த எழுத்து கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் அத்தைக்கு செகண்ட் ஷிஃப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாதா கோயில் கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளி பெயின்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி வந்தேன். ரெக்கைகளைப் பாயில் பரப்பிப் பூசினேன். எழுத்து இருந்த இடத்தில் மூன்று முறை. மூன்றாவது முறைதான் மறைந்தது. பிளாஸ்டிக்கில் அந்த பெயின்ட் பிடிக்காது என்று பதினோரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் அத்தை பார்த்தாள். “மின்மினி எங்கனா வெள்ளியா இருக்குமாடி?”

“அழகா இருக்கட்டும்னுதான்” என்றேன். பொய். அந்த அச்சுக்குப் பயந்து என்று சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள்.

அவள் ரெக்கையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “சரி, வுடு. நிலா வெளிச்சத்துல பறக்கற மின்மினி. அது வெள்ளியாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, என் பெயின்டுக்குப் பொருந்துகிற மாதிரி தலைக்கு வெள்ளி ஜரிகையில் இரண்டு கொம்பு செய்தாள். சட்டப்படி முதலில் அவள்தான் போட்டாள். ரெக்கை அவளுக்கு முழங்கை வரைக்கும்தான் வந்தது. வயிற்றில் விளக்கு எரிய தெருமுனை வரை போனாள்.

“இன்னா, டியூப்லைட்டுக்கு ரெக்க மொளைச்சிடுச்சா?” என்று ஒரு பையன் கத்தினான்.

“கிட்ட வராத, ஷாக் அடிக்கும்” என்றாள் அத்தை.

அவள் வேஷம் போட்டு நான் பார்த்தது அதுதான் கடைசி.

குடும்ப தினத்தன்று கம்பெனி மைதானம் முழுக்க பிரியாணி வாசனை. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். மேடை ஓரத்தில் இரண்டு முருகன், ஒரு போலீஸ், ஒரு டாக்டர், மூன்று கிருஷ்ணர். எல்லாம் வாடகைத் துணி, நாப்தலின் நெடி. நான் ஏறி சுவிட்சை அழுத்தியபோது முன்வரிசையில் ‘ஓ’ என்று ஒரு சத்தம். கை தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று தட்டினார். கடன் வாங்கிப் போட்ட சட்டை கையில் பெரிதாகத் தொங்கியது.

சிறப்பு விருந்தினர் கார் கம்பெனியின் பெரிய அதிகாரி. என்னைப் பிடித்துப்போய் மேடைக்கே வந்தார். குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லி ரெக்கையைத் தட்டிக்கொடுத்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளி. சிரித்தார். கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்தார், பிறகு விளையாட்டாக ரெக்கையையும் துடைத்தார். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் எழுத்து வந்தது. அவர் சிரிப்பை நிறுத்தி, தலையைச் சாய்த்துப் படித்து, எங்கள் மேனேஜரிடம் ஒரு வாக்கியம் சொன்னார். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தை புரிந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த அதே வார்த்தை.

பிறகுதான் அந்த ஏழு பேர்.

“யார் செஞ்சது இது?” என்றார் எச்.ஆர். மேடம். “ஷீட் குறையுது, ஷீட் குறையுதுன்னு மாசக்கணக்கா கஸ்டமர் நம்மகிட்ட பணம் பிடிக்கறாங்க. இன்னைக்கு அவர் கையிலயே ஒட்டிக்குது.”

“நான்தான் மேடம்” என்றாள் அத்தை. “மூலை நசுங்கனது. சார்தான் குடுத்தாரு.”

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நானா? நான் எப்பம்மா குடுத்தேன்? வாய்க்கு வந்ததப் பேசாத” என்றார்.

“நீங்கதானே சார் கேட்டு வரைக்கும் வந்தீங்க…”

மேடம் குறுக்கிட்டார். “ஸ்கிராப்னு நெனச்சு எடுத்தா எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? எழுத்து மேல எதுக்கு பெயின்ட்? அந்த எடத்துல மட்டும் ஏன் இவ்ளோ தடிமனா இருக்கு? மறைக்கணும்னு தெரிஞ்சுதானே மறைச்சிருக்கே?”

அத்தை என் பக்கம் திரும்பினாள். ஒரு நொடிதான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்பது எனக்குப் புரிந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ணா, நீதானே சைக்கிள்ல கட்டினு வந்த. சொல்லுணா.”

அப்பா மேடத்தைப் பார்த்தார். கான்ட்ராக்டரைப் பார்த்தார். கைகள் சட்டைக் கைக்குள்ளேயே இருந்தன. “எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அது வேஷம் கட்டினு ஆடற பைத்தியம். எங்கேர்ந்து எடுத்துனு வருது, இன்னா பண்ணுது, நான் கேக்கறதே இல்ல.”

“நாளையிலேர்ந்து வராதே” என்றார் கான்ட்ராக்டர். அதிலும் பாதி வாயிலிருந்த பாக்கில் சிக்கிக்கொண்டது.

செக்யூரிட்டி ரெக்கையைப் பிடித்து இழுக்க வந்தார். அத்தை தடுத்தாள். “இருங்க. உள்ள ஊக்கு கீது, புள்ளைக்குக் குத்தும். நான் கழட்டித் தரேன்.” மண்டியிட்டு ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினாள். எத்தனை ஊக்கு வைத்தாளோ, முடியவே இல்லை. அவ்வளவு மெதுவாகக் கழற்றினாள். முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் அவள் தோளுக்கு மேலே ஷாமியானாவின் கிழிசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு அட்டை, விளக்குக் கிண்ணம், எல்லாம் போன பிறகு பழைய கவுனில் நின்றேன். சுவிட்ச் மட்டும் கையில் இருந்தது. கம்பியை அறுத்துவிட்டார்கள். வீடு வரைக்கும் அதை அழுத்திக்கொண்டே வந்தேன்.

கேட்டில் எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டார். மூன்று பொட்டலம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் பாத்ரூம் மறைப்பைப் பிய்த்து எறிந்ததுதான். அம்மாவின் பழைய புடவையைக் கட்டினார். காற்றடித்தால் புடவை பறக்கும். அத்தையும் அம்மாவும் விடியுமுன் குளித்தார்கள். ஊரில் மற்ற எல்லா வீட்டிலும் நீல அட்டை அப்படியே நின்றது. ஒருவரையும் ஒருவரும் கேட்கவில்லை. பெயின்ட் பூசாத அட்டை வெறும் அட்டை.

தை மாத லிஸ்ட்டில் அப்பாவின் பெயர் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷம் கான்ட்ராக்டே முடிந்துவிட்டது. என் படிப்புச் செலவை அத்தை சம்பளத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவதுக்கு மேல் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ‘அப்பாவும் பாவம், அவர் நிலைமை அப்படி’ என்று என் தம்பி இப்போதும் சொல்கிறான். நிலைமை எனக்கும் தெரியும். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. நான் இன்னும் விடவில்லை.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “உங்க அத்தை எடுத்தது நாலு அட்டை. அந்த சூப்பர்வைசரு மினி லாரியில அனுப்புவாரும்மா. ஊரு பாத்ரூமெல்லாம் அவரு குடுத்ததுதான்.” எத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார் பாருங்கள். சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறார்.

நான் இப்போது வல்லம் வடகாலில் வாடகை ரூம் பையன்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். கேஸை மூன்று முறை மூடிப் பார்க்காமல் வெளியே போக மாட்டேன். அத்தை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கையுறை தைக்கிற வேலை. பிள்ளைகளின் பள்ளிக்கூட மாறுவேடத்துக்கு யாராவது உதவி கேட்டு வந்தால், “கடையில வாடகைக்குக் கெடைக்குது, போய் எடு” என்று அனுப்பிவிடுவாள்.

போன மாதம், காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டேன். அந்த பெயின்ட் அழகுக்கு இல்லை அத்தே, எழுத்தை மறைக்கத்தான் பூசினேன் என்று.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. “தெரியும். எழுத்து மேல மட்டும் தடிமனா கீதுன்னு அந்த மேடம் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் அங்க என்ன காட்டிக் குடுக்கல?”

“பதினோரு வயசுப் புள்ளய காட்டிக் குடுத்துட்டு இன்னா வேலைய காப்பாத்திக்கினு இருக்கறது?” பீன்ஸ் நாரை உரித்துப் போட்டாள். “ஆனா நீயா சொல்லுவன்னு பார்த்தேன். அதுக்குத்தான் ஊக்க அவ்ளோ மெதுவா கழட்டினேன்.”

எழுந்து போய், முந்தின நாளே எண்ணி வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அந்த மார்கழியில் அவள் வேலை பார்த்த பதினோரு நாள் கூலியைக் கான்ட்ராக்டர் கொடுக்கவே இல்லை. கேட்கப் போனபோது ‘திருடிக்கு எதுக்குடி கூலி’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

அத்தை பணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ குடுத்தா அவன் குடுத்ததா ஆயிடுமா? எடுத்து உள்ள வெய்யி. நீ எனக்குத் தர வேண்டியது இது இல்ல.”

அது என்னவென்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அந்த மறைப்புக்குள் சொல்லாததை உங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: பெயின்ட் பூசியது நான். அட்டையைக் கொடுத்தது சூப்பர்வைசர். சைக்கிளில் கட்டி வந்தது என் அப்பா. அத்தை ஒன்றும் திருடவில்லை.

அந்த கான்ட்ராக்டர் உயிரோடுதான் இருக்கிறார். ஒரகடம் ரோட்டில் ‘ஆட்கள் தேவை’ என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் கேளுங்கள். ஒரு நாளைக்கு எழுபது, பதினோரு நாள். எழுநூற்று எழுபது ரூபாய். இன்னும் பாக்கி.